மூன்று மாதத்துக்கு ஒருமுறை

வாடகை வீட்டைப் பார்வையிட
வியாழன் காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்
வருகிறாராம் பிரெண்டன்.
மின்னஞ்சலில் மூன்று குறிப்பு:
அடுப்பில் எண்ணெய்க் கறை,
குளியலறையில் பூஞ்சணம்,
படலையை மறித்து வளர்ந்திருக்கும் களை.

களை என்று அவர் சொன்னது
எனக்கு முன்னால் இங்கே குடியிருந்த யாரோ
நட்டுவிட்டுப் போன ரோசா ஜெரேனியம்.
பூ என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை,
சுண்டுவிரல் நகமளவு வெளிறிய ஊதா.
எல்லாம் இலையில்.
அதுவும் தானாகத் தராது.
மல்லிகை மாதிரித் தெருமுனைவரை போய்
ஆளைக் கூட்டிவரும் பழக்கம் அதற்கில்லை.
தொட்டால்தான்.
உரசினால்தான்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை.
விரலிடுக்கில் எட்டு மணிநேரத்து பிளீச்.
படலை திறக்கிற சாக்கில்
ஒரு கைப்பிடி இலையைக் கசக்கிவிட்டுத்தான்
உள்ளே போவேன்.
சோறு குழைக்கும்போது இரண்டு வாசமும் இருக்கும்.
இன்றைக்கு எது வென்றது என்று
முகர்ந்து பார்த்துவிட்டே முதல் கவளம்.

முதல் வருடம் பாசத்தில் உரம் போட்டுக் கெடுத்தேன்.
இலை அப்பளம்போல் அகன்றது.
மணம் போய்விட்டது.
பக்கத்துவீட்டு லொறிக்காரன் டீன்
தன் புல்லுக்குத் தண்ணீர் அடித்தபடியே சொன்னான்:
"பட்டினி போடு, சுகி."
போட்டேன்.
பாதிக்குப் பாதி மணல்,
மண் காய்ந்து இரண்டு நாள் கழித்தே ஒரு குவளை.
டிசம்பர் வெயிலில்
கோபம் வந்ததுபோல் மணத்தது.

பிறகு சாடிகளில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.
சுருட்டை இலைத் தேசிக்காய்க்காரி.
பூனைக்காது போல் மெத்தென்ற புதினா.
ஜாதிக்காய் என்று எழுதி விற்ற ஒன்று,
எனக்கென்னவோ தைலப் போத்தல்.
தேங்காய் வாசம் என்று இன்னொன்று;
அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

புதன் மாலை கத்தியை எடுத்தேன்.
ஜூன் மாதம்.
பல்லாரட்டில் இரவுகள் பூச்சியத்துக்குக் கீழே,
காலையில் மிதித்தால் புல் நொறுங்கும்.
வெட்டுவதற்கு இதைவிடக் கெட்ட மாதம் கிடையாது.
வெட்டாவிட்டால் ஒப்பந்த மீறல்.

கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து,
கணுவுக்குச் சற்றுக் கீழே
விரல் நீளத்தில் பதினாறு துண்டு.
அடியிலைகளைக் கிள்ளி
செய்தித்தாளில் இரவு முழுக்கக் கிடத்தினேன்.
வெட்டுவாய் உலர வேண்டும்.
ஈரத்தோடு ஊன்றினால்
கால் கறுத்து அழுகிவிடும்.
எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனபோது
சமையலறை முழுக்க
வெளிச்சம் போடாமலே ரோசா.

பிரெண்டன் வந்தார், பளபளத்த சப்பாத்து.
அடுப்பைப் படம் எடுத்தார்.
குளியலறைச் சுவரை ஒரு விரலால் தேய்த்து
விரலைப் பார்த்தார்.
வாசலில் முண்டமாய் நின்ற கட்டைகளைக் கண்டு
தலையாட்டினார். திருப்தி.
திரும்பும்போது, ஒடுங்கிய படலையில்,
நான் வெட்ட மறந்த ஒரு கிளையின்
இரண்டே இலை
அவர் கால்சட்டையில் உரசிற்று.
நின்றார்.
குனிந்து தன் முழங்காலையே முகர்ந்தார்.
"என்ன இது?"
களை, என்றேன்.

பதினாறில் ஏழு கறுத்துப் போயின.
வேர் பிடிப்பதைப் பற்றி
ஊர்விட்டு வந்தவர்கள் எடுத்துவிடும் உவமை ஒன்றுண்டு.
அதை நான் சொல்லப்போவதில்லை.
செடி செடிதான்.
ஒன்பது பிழைத்தன.
ஒன்று டீனுக்கு.
இரண்டு சலவைக்கூடத்து ஜன்னலில்,
நீராவியில் முகம் சுளித்துக்கொண்டு.

செப்டம்பர் மின்னஞ்சலில்
குறிப்பு இரண்டுதான்: அடுப்பு, பூஞ்சணம்.
பெயருக்குக் கீழே தனியாக ஒரு வரி:
அந்தக் களையில் ஒரு துண்டு தருவீர்களா?

கட்டைகள் தளிர்த்து
மறுபடி படலையை மறிக்கத் தொடங்கிவிட்டன.
இந்த முறை நான் வெட்டுவதாக இல்லை.
கத்தியைத் துடைத்து
வாசற்படியில் வைத்திருக்கிறேன்.
வரட்டும்.
அவரே குனிந்து வெட்டட்டும்.